மூன்று மணிக்கு முன் வந்தவர்கள்

போன வாரம் நாம் விட்டு வந்தபோது, புருல்கான் தன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தகரப் பலகையில் சிவப்புப் பெயின்டால் எழுதிக்கொண்டிருந்தாள். 'மூன்று மணிக்கு முன் யாருக்கும் கேட் திறக்கப்படாது.' எழுதும்போதே அவளுக்குக் கை கூசியது. சொல்லாமல் வருகிற விருந்தாளியைக் கடவுளே அனுப்பி வைக்கிறார் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். தன் வாசலிலேயே இப்படி ஒரு வாசகம் தொங்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

நினைக்காதது எவ்வளவோ நடந்துவிட்டது. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் எசென்பெக்கிடமிருந்து குளிர்காலத்தோடு போன் நின்றுபோனது. வசந்தம் வந்ததும் அவளும் மகள் சிர்காவும் பின்கட்டில் இருக்கும் கோடைச் சமையலறைக்கு ஜாகை மாறினார்கள். பெரிய வீட்டை நாள் வாடகைக்கு விட்டார்கள். ஏரிக்கரையில் இருக்கும் பொஸ்தெரி கிராமமே கோடையில் அப்படித்தான் பிழைக்கிறது.

வாடகைக்கு வருகிறவர்களால் தொல்லை இல்லை. சீக்கிரம் வருகிறவர்களால்தான் தொல்லை.

மூன்று மணிக்கு வரச் சொன்னால் விடிந்ததும் வந்து நிற்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் படுக்கையில் இருப்பார்கள். புது ஆட்கள் பெட்டியோடு கூடத்தில் நிற்பார்கள். ஒரு குடும்பம் "சும்மா பையை மட்டும் வச்சுட்டுப் போறோம்" என்று உள்ளே வந்து, புருல்கான் வருஷம் பூராவும் வைத்திருந்த ஆப்ரிகாட் ஜாமைக் காலி செய்துவிட்டுப் போனது. புருல்கான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்கு டீயும் ஊற்றினாள்.

போன வாரம் வந்த ஓர் ஆள்தான் எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்தான். காலையிலேயே வந்தவன், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று பின்கட்டுக்கு வந்து, சிர்கா உடை மாற்றிக்கொண்டிருந்த அறைக் கதவைத் திறந்துவிட்டான்.

அன்று சிர்கா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. பத்தொன்பது வயசுப் பெண். "வர்றவன் போறவன் எல்லாரும் கடவுள் அனுப்பினவன், கடவுள் அனுப்பினவன்னு உள்ள விடறியே, என் ரூமுக்குள்ளயும் கடவுளா அனுப்பினாரு? இனிமே யாரையாவது முன்னாடியே உள்ள விட்டே, நான் பிஷ்கெக் போயி ஏதாவது ஹாஸ்டல்ல தங்கிக்கறேன். நீயும் உன் விருந்தாளிங்களும் சந்தோஷமா இருங்க!"

அதற்குப் பிறகுதான் அந்தப் பலகை.

பலகை மாட்டியபின் முதல் ஆட்கள் வருவது இன்றைக்குத்தான்.

காலை டீயை முடிக்கவில்லை, சிர்காவின் போன் கீச்சென்றது.

"அம்மா, இன்னிக்கு வர்ற நசிரா மெசேஜ் போட்டிருக்கா. பக்கத்துல வந்துட்டாங்களாம். கூட ஒரு பெரியவங்க இருக்காங்களாம். இப்பவே வரலாமாங்கறா."

"பெரியவங்க இல்லாத வண்டி எதுடி? போன மாசம் கர்ப்பிணி. அதுக்கு முந்தி பல்வலி. மூணு மணின்னு போடு."

"போட்டுட்டேன். ஆனா இவங்க அதைக் கேக்காம இப்பவே வர்ற ஆளுங்கதான் பாரு."

சிர்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. பலகைக்கு முந்தியே வந்து தங்கியிருந்த அல்மாட்டிக் குடும்பம் கிளம்பிப் போய், புருல்கான் விரிப்புகளைத் துவைத்து முற்றத்துக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ கேட்டைத் தட்டினார்கள்.

"அக்கா, நாங்க நசிரா பேர்ல புக் பண்ணினவங்க." இளவயசு ஆண்குரல்.

புருல்கான் கேட்டுக்கு அருகே போனாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை.

"வாசல்ல பலகை மாட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா தம்பி?"

"படிச்சோம் அக்கா. ரூமெல்லாம் இப்ப வேண்டாம். ஒரு பெரியவங்க வந்திருக்காங்க. ஒரே ஒரு நிமிஷம் உள்ள வந்து உக்காரணும்ங்கறாங்க. அவ்வளவுதான்."

"எல்லாரும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் கேக்கறீங்க. உங்க ஒரு நிமிஷம் முடியறதுக்குள்ள என் வீடு என் வீடா இருக்கறதில்ல."

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ மெதுவாக நடந்து வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கேட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதில் கறுப்பு ரப்பர்க் காலணி போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. வயதான பெண்ணின் பாதங்கள். ஒன்றோடொன்று ஒட்டி, மாணவி மாதிரி அடக்கமாக நின்றன.

பார்த்ததும் புருல்கானுக்கு மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. ஆனால் பின்கட்டு ஜன்னலில் சிர்கா நின்றுகொண்டிருந்தாள். அம்மா இந்தத் தடவையாவது உறுதியாக இருப்பாளா என்று பார்ப்பதற்காகவே நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பார்வைக்காக என்றுதான் அப்புறம் புருல்கான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அது மட்டும் இல்லை. ஜாமைத் தின்றுவிட்டுப் போனவர்கள், மகள் அறைக் கதவைத் திறந்தவன், போனை எடுக்காத புருஷன், அத்தனை பேருக்கும் வைத்திருந்த கோபம் அன்றைக்கு அந்தக் கேட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் மேல் கொட்டியது.

"சொன்ன நேரத்துக்கு வந்தா விருந்தாளி. கூப்பிடாத நேரத்துல வந்து கதவைத் தட்டறவங்களுக்கு எங்க ஊர்ல பிச்சைக்காரங்கன்னு பேரு. போயி மூணு மணிக்கு வாங்க!"

அந்தப் பாதங்கள் சிறிது நேரம் அசையாமல் நின்றன. பிறகு திரும்பின. வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு புருல்கான் கொடிக்குத் திரும்பினாள். சிர்கா ஜன்னலை விட்டு முற்றத்துக்கு வந்திருந்தாள்.

"என்னடி, இப்ப திருப்திதானே?"

"உள்ள விடாதேன்னுதான் சொன்னேன். பிச்சைக்காரங்கன்னு சொல்லச் சொல்லலையே."

"வாயில வந்துடுச்சு."

"வாசல் வரைக்கும் வந்தவங்களுக்கு ஒரு பிட்டு ரொட்டிகூட நீட்டலையேம்மா. எதிரி வந்தாலும் ரொட்டியைத் தொட்டு வாயில வச்சுட்டுப் போன்னு சொல்றவ நீ."

புருல்கானுக்குச் சுருக்கென்றது. ஈரக்கையோடு ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். தெருவில் பாப்லார் மர நிழலும் டயர் தடமும்தான் இருந்தன. எதிர்வீட்டு வாத்துகள் வரிசையாகக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தன.

அன்று பகல் முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. தலையணை உறையைத் தலைகீழாக மாட்டினாள். கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தாள். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அந்தக் கறுப்புக் காலணிகள்தான்.

கடைசியில் மனசு கேட்காமல் மாவைப் பிசைந்து ஒரு தட்டு நிறைய பொர்சோக் என்கிற குட்டி ரொட்டிகளைப் பொரித்தாள். எண்ணெயிலிருந்து உப்பி உப்பி எழுந்து வந்தன. கேட்டுக்கு உள்பக்கம், ஆப்ரிகாட் மரத்தடியில் ஒரு தாழ்ந்த மேசையைப் போட்டு, சுற்றி மெத்தைகளை விரித்தாள்.

"இது என்ன புதுசா?" என்றாள் சிர்கா.

"இனிமே சீக்கிரம் வர்றவங்க இங்க உக்காரட்டும். டீ குடுப்போம், ரொட்டி குடுப்போம். வீட்டுக்குள்ள மூணு மணிக்குத்தான். பின்கட்டுக்குப் போற கதவைப் பூட்டி வச்சிடலாம். உன் பக்கத்துக்கு யாரும் வர முடியாது."

"இதை முந்தியே செஞ்சிருக்கலாமே!"

"தோணலையே. அவங்க வந்ததும் அந்தப் பெரியம்மா கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டுடறேன். என்ன சொல்ற?"

"கேளு. வயசானவங்க மனசுல ரொம்ப வச்சுக்க மாட்டாங்க" என்றாள் சிர்கா. வயசானவர்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. இந்தத் தடவை கேட் அகலத் திறந்திருந்தது. புருல்கான் புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ரொட்டித் தட்டோடு வாசலில் நின்றாள்.

இறங்கியவர்கள் மூன்றே பேர். இளைஞன், அவன் மனைவி, அவள் தோளில் தூங்கும் குழந்தை.

"பெரியவங்க எங்கம்மா? இன்னும் வண்டியில இருக்காங்களா?"

நசிரா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"அவங்க வரல. மத்தியானம் வரைக்கும் ஏரிக்கரையில உக்காந்திருந்தாங்க. சாப்பிடக்கூட இல்ல. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடுன்னு ஒரே பிடிவாதம். இப்பதான் சோல்பொன்-ஆத்தால பிஷ்கெக் மினிபஸ்ல ஏத்தி விட்டுட்டு வர்றோம்."

"ஐயோ, நான் காலைல ஏதோ ஆத்திரத்துல..."

"நீங்க இன்னும் என்னை யாருன்னு பாக்கலையா சித்தி?"

சித்தி. புருல்கானை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் உண்டு. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அகலமான நெற்றி, இடது புருவத்தில் குதிரை உதைத்த தழும்பு. கடைசியாகப் பார்த்தபோது மீசைகூட முளைக்காத பையன்.

"எர்மெக்?"

அவள் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. சிர்கா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

எர்மெக், அவளுடைய அக்கா குல்பாராவின் மகன். தெற்கே பத்கெனில் வாழ்க்கைப்பட்ட அக்கா. இதே வீட்டில் அம்மா இறந்த அன்று கணவாயில் பனி விழுந்து பாதை மூடிவிட்டதால், அடக்கம் முடிந்த மறுநாள்தான் குல்பாராவால் வந்து சேர முடிந்தது. அழுதுகொண்டே முற்றத்துக்குள் நுழைந்தவளை, ஊர் ஜனம் பார்க்க, புருல்கான் வழிமறித்தாள். "மண்ணு போட்டாச்சு. இனிமே யாரைப் பாக்க வந்தே? போ!" குல்பாரா அப்படியே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. யார் முதலில் பேசுவது என்று பார்த்துப் பார்த்தே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"அக்காவா? அக்காவா கேட்டுக்கு வெளியில நின்னா?" அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? குல்பாரா வந்திருக்கான்னு ஒரு வார்த்தை!"

"பேரைச் சொன்னா நீங்க திறக்க மாட்டீங்கன்னு அம்மா பயந்தாங்க. அதனாலதான் நசிரா பேர்ல வாடகைக்கு எடுக்கச் சொன்னாங்க. 'வாடகை குடுத்து வந்தவளை வெளியில தள்ள மாட்டா, உள்ள போயி உக்காந்துட்டா அப்புறம் பேசிக்கலாம்'னாங்க. ராத்திரியெல்லாம் தூங்கல. மூணு மணி வரைக்கும் காத்திருந்தா எனக்கு தைரியம் போயிடும், இப்பவே போலாம்னு அவசரப்படுத்தினதும் அவங்கதான்."

புருல்கான் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் நீங்க கேட்டுக்குப் பின்னாடியிலேர்ந்து..." எர்மெக் தகரப் பலகையைப் பார்த்தான்.

நசிராதான் பேசினாள். "அவங்க சும்மா பாக்க மட்டும் வரல சித்தி. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தாங்க. போன்ல சொல்ற விஷயம் இல்லையாம்."

"என்ன விஷயம்?"

"அம்மாவேதான் சொல்லணும்" என்றான் எர்மெக். "வாயைத் திறக்க மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

"மினிபஸ் கிளம்பியிருக்குமா?"

"சீட் நிறைஞ்சாதான் எடுப்பான். நாங்க வரும்போது பாதி காலி."

புருல்கான் அதற்கு மேல் நிற்கவில்லை. மாவு படிந்த ஏப்ரனோடு, வீட்டுக்குள் போடுகிற செருப்போடு போய்க் காரில் ஏறினாள். "சிர்கா, இவங்களுக்கு டீ ஊத்து! எர்மெக், ஓட்டுடா!"

பாதையில் கோடைக்கால நெரிசல். முன்னால் படகு கட்டிய வண்டி ஒன்று நத்தை மாதிரி ஊர்ந்தது. புருல்கான் காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தாள், பிரேக் அவள் பக்கம்தான் இருக்கிறது என்பது போல.

பஸ் நிலையத்தில் ஒரே ஒரு வெள்ளை மினிபஸ் நின்றது. டிரைவர் படிக்கட்டுக்கு அருகில் சூரியகாந்தி விதை கொறித்தபடி, "பிஷ்கெக்! ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக குல்பாரா உட்கார்ந்திருந்தாள்.

தலைத்துணிக்குக் கீழே முடி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எங்கேயாவது சந்தையில் எதிரே வந்திருந்தால் வழிவிட்டு நகர்ந்திருப்பேன், அடையாளம் தெரிந்திருக்காது என்று புருல்கானுக்குத் தோன்றியது.

வண்டிக்குள் குனிந்து ஏறி, முழங்கால்களையும் மூட்டைகளையும் தாண்டிப் போய் நின்றாள்.

"அக்கா."

குல்பாரா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, நீன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியாதவங்களையும் அப்படித்தான் பேசுவியா?"

தர்பூசணியை மடியில் வைத்திருந்த பெண் அவர்களையே பார்த்தாள்.

"எறங்கு அக்கா. வீட்டுக்கு வா. டீ போட்டு வச்சிருக்கேன். கால்ல வேணும்னாலும் விழறேன்."

குல்பாரா அப்போதுதான் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுது முடித்த கண்.

"அன்னிக்கு லேட்டா வந்தேன்னு கதவைச் சாத்தினே. இன்னிக்கு சீக்கிரம் வந்தேன்னு சாத்தினே. உன் வீட்டுக்கு வர்றதுக்கு நல்ல நேரம்தான் எப்போடி?"

புருல்கான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றான் டிரைவர் வெளியிலிருந்து, "ஒண்ணு உக்காருங்க, இல்ல எறங்குங்க. வழியை மறிச்சா யாரு ஏறுவாங்க?"

"அவ எறங்கிடுவா" என்றாள் குல்பாரா. "அவ வீட்டுல விருந்தாளிங்க இருக்காங்க."

புருல்கானின் போன் அடித்தது. சிர்கா. "அம்மா, எங்க இருக்கே? குழந்தை எழுந்துடுச்சு, பாட்டில் கழுவ சுடுதண்ணி கேக்கறாங்க. ராத்திரிக்கு சமைக்கணுமா? நாளைக்கு வேற ஆளுங்க வர்றாங்களே!"

"சுடுதண்ணி குடு. ராத்திரிக்கு ஆட்டுக்கறி எடுத்து வேக வை. அவங்க வாடகை ஆளுங்க இல்லடி, உன் அண்ணனும் அண்ணியும். நாளைக்கு வர்றவங்களை நீயே பாத்துக்கோ."

"நீ?"

"நான் பெரியம்மாகூட போறேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற எர்மெக் வாயைப் பிளந்தான். டிரைவர் கையிலிருந்த விதையைக் கொட்டிவிட்டு, "ஆள் நிறைஞ்சாச்சு!" என்று குதித்து ஏறினான்.

காலியாக இருந்த ஒரே சீட் குல்பாராவுக்குப் பக்கத்துச் சீட். அதன்மேல் அவள் பையை வைத்திருந்தாள். புருல்கான் நின்றாள். குல்பாரா பையைப் பார்த்தாள். தங்கையின் மாவு படிந்த ஏப்ரனைப் பார்த்தாள், வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்து புருல்கான் விழப்போனபோது, பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். வா என்று சொல்லவில்லை.

ஊர் முடிந்து, வலப்பக்கம் மலையும் இடப்பக்கம் ஏரியுமாக வண்டி வெகு தூரம் போனது. தோளும் தோளும் இடித்துக்கொண்டன. எதிர்ப்பக்கத்துப் பெண் தர்பூசணியின்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

"நான் உன்னைத் தேடி வந்தது எனக்காக இல்ல" என்றாள் குல்பாரா, தாழ்ந்த குரலில்.

"சொல்லு அக்கா."

"உன் புருஷன் ரஷ்யாவுல இல்ல. என் வீட்டுல இருக்கான்."

உயிரோடு இருக்கிறான் என்பது புருல்கானுக்கு முதலில் உறைத்தது. அதற்கு அப்புறம்தான் மற்றது.

"உன் வீட்டுலயா? எப்பத்திலேர்ந்து?"

"கோடை ஆரம்பத்திலேர்ந்து. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதான். எதுக்கு வெட்கப்படறான்னு அங்க வந்து நீயே நேர்ல பாத்துக்கோ, அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

"என்ன ஆயிருந்தாலும் என்கிட்டதானே வரணும்? அவன் வீடு இல்லையா அது? நான் கதவைச் சாத்தி வச்சிருந்தேனா? ஏன் அக்கா வரல?"

குல்பாரா முதல் தடவையாகத் தங்கையின் கையைத் தொட்டாள். மாவு காய்ந்து போன விரல்கள்.

"வந்தான்டி. ரஷ்யாவிலேர்ந்து நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தான். விடிகாலைல வந்து கேட்டைத் தட்டியிருக்கான். பனியன் போட்டுக்கிட்டு, பல்லு விளக்கிக்கிட்டே ஒரு ஆம்பளை வந்து திறந்தானாம். யாரு வேணும்னு கேட்டானாம்."

"அது வாடகைக்கு வந்தவங்க அக்கா! யாரோ வாடகைக்கு..."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் போகும்போது அது உங்க வீடு, வாடகைக்கு விட்ட வீடு இல்ல." குல்பாரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க, வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டான்."